வசந்தமலர் லியோன் பார்த்த கதை

ஒஸ்லோவில் ஹவுகன்ஸ்டுவா ரயில் நிலையத்துக்கு அருகே இருக்கிற அடுக்குமாடிகளில் வசந்தமலரைத் தெரியாத தமிழ்க் குடும்பம் இல்லை. யாருக்காவது பிள்ளை பிறந்தால் பத்தியக் கறி அவள் வீட்டிலிருந்து போகும். ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னது விளங்காவிட்டால் அவளுக்குத்தான் தொலைபேசி வரும். முதியோர் இல்லத்தில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறவள். மருந்துப் பெயர்கள் எல்லாம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. இவ்வளவு நெருக்கமாகப் பழகுகிற சனங்கள் ஒரு விஷயத்தில் மட்டும் சொல்லிவைத்தாற்போல நடந்துகொண்டார்கள். மகன் லதீசனைப் பற்றி விசாரிப்பார்கள். ஸ்தவாங்கரில் வேலை எப்படிப் போகிறது, எப்போது கலியாணம் என்று கேட்பார்கள். மூத்தவள் கம்சிகாவைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

கம்சிகா வீட்டைவிட்டுப் போய்ப் பத்து வருடம். பத்தொன்பது வயதில், ஓகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், தகப்பன் ராக்சி ஓட்டப் போயிருந்த நேரம் பார்த்து இரண்டு பைகளோடு இறங்கினாள். வசந்தமலர் அடுப்படியில் நின்றாள். "போட்டு வாறன்" என்று மகள் சொல்லவில்லை. "போறன்" என்றாள். வீட்டை விட்டு இறங்குகிற யாரும் எங்கள் பக்கத்தில் அப்படிச் சொல்வதில்லை. வசந்தமலர் கரண்டியைக் கையில் பிடித்தபடி படிக்கட்டில் காலடிச் சத்தம் கீழே இறங்குவதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். கூப்பிடவில்லை. கூப்பிட்டால் என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

தம்பியோடு மட்டும் கம்சிகா தொடர்பு வைத்திருந்தாள். தான் எங்கே இருக்கிறேன் என்று வீட்டில் சொல்லக்கூடாது என்பது நிபந்தனை. லதீசனும் சொன்னதில்லை. போன வருடம் தைப்பொங்கலுக்கு வந்தவன், தாயோடு நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது வாய் தவறிவிட்டான்.

"அவவுக்கு என்ன குறை அம்மா? லியோனிலை நோர்வேக்காரருக்கு ஊர் சுத்திக் காட்டுற வேலை. வெய்யிலும் இருக்குது, ஆறும் இருக்குது."

சொல்லி முடித்த பிறகுதான் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தாயைப் பார்த்தான்.

"நான் சொன்னனான் எண்டு தெரிஞ்சா என்னோடையும் கதைக்கமாட்டா."

"நீ ஒண்டும் சொல்லேல்லை," என்றாள் வசந்தமலர்.

அடுத்த நாள் வேலையிடத்தில், மன்னார்ப் பக்கத்துப் பெண்ணான யூலியாவைக் கூப்பிட்டு, பிரான்சுக்குச் சுற்றுலா போக வேண்டும், தேடித்தா என்றாள். இடைவேளையில் இருவருமாகத் தேடினார்கள். நோர்வேயிலிருந்து ஓய்வூதியக்காரரைக் குழுவாகக் கூட்டிப்போகிற ஒரு சிறிய பயண நிறுவனத்தின் பக்கத்தில் கம்சிகாவின் படம் இருந்தது. இடுப்பு வரை இருந்த முடியைக் காதோடு வெட்டியிருந்தாள். "லியோனை உங்கள் மொழியில் காட்டுகிறேன்" என்று படத்துக்குக் கீழே எழுதியிருந்தது.

"அக்கா, ஆர் இது? தமிழ்ப் பிள்ளை போல கிடக்கு," என்றாள் யூலியா.

"தெரியேல்லை," என்றாள் வசந்தமலர். "இந்தக் குழுவிலேயே ஒரு இடம் போடு."

கணவர் சின்னராசாவிடம் வேலையாட்களோடு ஐந்து நாள் போகிறேன் என்று பொய் சொன்னாள். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நெஞ்சில் சத்திரசிகிச்சை நடந்த பிறகு ராக்சியை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறவர். பல்கனியில் கறிவேப்பிலைக் கன்று வளர்க்கிறவர். மே மாதத்து விடியற்காலை அவரே காரில் விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டார்.

"அங்கை குளிரும், ஜக்கெற்றைப் பெட்டிக்குள்ளை வையாதை, கையிலை வைச்சிரு," என்று இரண்டு தரம் சொன்னார்.

சின்னராசாவைக் கெட்ட மனிதர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். வடநோர்வேயில் ஹம்மர்பெஸ்டில் பதினைந்து வருடம் மீன் தொழிற்சாலையில் நின்று ஊரில் மூன்று தங்கச்சிமாருக்குக் கலியாணம் செய்து வைத்தவர். வசந்தமலர் கரவெட்டியிலிருந்து இருபத்துமூன்று வயதில் அவரிடம் வந்து சேர்ந்தபோது இரண்டு மாதமாகச் சூரியன் உதிக்காத காலம். அந்த இருட்டில் அவர் அவளுக்குப் பயம் தெரியாமல் பார்த்துக்கொண்டார். பிள்ளைகள் இருவரும் அங்கேதான் பிறந்தார்கள். கம்சிகாவுக்கு ஒன்பது வயதானபோது ஒஸ்லோவுக்கு மாறினார்கள். இங்கே வந்த பிறகு அவர் கை நீட்டத் தொடங்கினார். மனைவியை அல்ல, மகளை. வயது ஏற ஏற அடியும் ஏறியது. வசந்தமலர் அந்த நேரங்களில் லதீசனை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

கம்சிகா பதினைந்து வயதில், பள்ளிக்கூடத்துப் பனிச்சறுக்குப் பயணத்துக்குத் தகப்பன் விடமாட்டார் என்று தெரிந்து, சம்மதக் கடிதத்தில் அவருடைய கையெழுத்தைத் தானே போட்டாள். இரண்டு இரவு மலையில் தங்கிவிட்டு வந்தாள். வீட்டில் சிநேகிதி வீட்டுக்கு என்று சொல்லியிருந்தாள். விஷயம் தெரிந்தபோது சின்னராசா இடுப்புப் பட்டியை உருவினார். அன்றைய அடி மற்ற நாட்களைப் போல இருக்கவில்லை.

ஒரு கிழமை கழித்துக் கம்சிகா பள்ளித் தாதியிடம் சொன்னாள். பார்னவேர்ன் என்கிற பிள்ளைகள் பாதுகாப்புப் பிரிவிலிருந்து இரண்டு பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள். கன்றிய தடங்கள் அதற்குள் மஞ்சளாகிவிட்டன. அந்த நாட்களில் எங்கள் ஆட்களுக்குள் ஒரே பேச்சு: அவர்கள் ஒரு பிள்ளையைக் கொண்டுபோக வந்தால் மற்றதையும் கொண்டுபோவார்கள், பிறகு முகத்திலும் முழிக்க விடமாட்டார்கள். லதீசனுக்கு ஒன்பது வயது. தாயின் கையைப் பிடிக்காமல் தூங்கமாட்டான். வசந்தமலர் அந்தப் பெண்கள் முன்னால், மகள் எதிரே சோபாவில் இருக்கத்தக்கதாக, நோர்வே மொழியில் சொன்னாள்: "அவள் ஐஸில் வழுக்கி விழுந்தாள். என் கணவர் பிள்ளைகளைத் தொடுவதில்லை. இவள் சிறு வயதிலிருந்தே பொய் சொல்லுவாள்." சொன்னதோடு நிற்கவில்லை. எழும்பிப் போய் அந்தச் சம்மதக் கடிதத்தை எடுத்துவந்து, கள்ளக் கையெழுத்தை விரலால் தொட்டுக் காட்டினாள்.

கம்சிகா தாயைப் பார்த்தபடியே இருந்தாள். அடுத்த கிழமை, தான்தான் பொய் சொன்னேன் என்று தானாகவே போய்ச் சொன்னாள். விசாரணை முடிந்துவிட்டது. சின்னராசா பயந்துபோய் அதன் பிறகு பிள்ளைகளைத் தொடவேயில்லை. ஆகவே எல்லாம் நன்மைக்கே என்று வசந்தமலர் தன்னைத் தேற்றிக்கொண்டாள். மூன்றரை வருடம் அந்த வீட்டில் மகள் சாப்பிட்டாள், படித்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். தாயின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

லியோனுக்குப் போன குழுவில் முப்பது பேர். வசந்தமலரைத் தவிர எல்லோரும் வெள்ளை முடிக்காரர். தங்கிய விடுதி இரண்டு ஆறுகளுக்கு நடுவே இருந்தது. ஒரு பக்கம் ரோன், மறுபக்கம் சோன். முதல்நாள் மாலை மற்றவர்கள் ஆற்றங்கரையில் வைன் குடிக்கப் போனார்கள். அவள் அறையில் இருந்து பெட்டியைத் திறந்து, பத்திரமாகச் சுற்றிக் கொண்டுவந்திருந்த மொறுமொறுவென்ற பருத்தித்துறை வடை நொறுங்கவில்லையா என்று பார்த்தாள். கம்சிகாவுக்குச் சோறு கறியைவிட அதுதான் விருப்பம். ஒன்றும் நொறுங்கவில்லை. என்னென்ன பேசுவது என்று மனதுக்குள் ஒழுங்குபடுத்தினாள். ஒவ்வொரு முறையும் முதல் வசனத்தைத் தாண்ட முடியவில்லை.

காலை பத்து மணிக்குப் பழைய நகரத்துத் தேவாலய முற்றத்தில் வழிகாட்டி மஞ்சள் குடையோடு நின்றாள். இருபத்தொன்பது வயது. மெலிந்திருந்தாள். வடநோர்வேச் சாயலோடு எல்லோருக்கும் காலை வணக்கம் சொன்னாள். ஆளுக்கொரு சின்னப் பெட்டி கொடுத்தாள். அதைக் கழுத்தில் மாட்டி, வயரைக் காதில் செருகினால், வழிகாட்டி எவ்வளவு தூரத்தில் நின்று பேசினாலும் கேட்கும். வரிசை நகர்ந்து வசந்தமலரின் முறை வந்தது.

"இது உங்களுடையது," என்றாள் கம்சிகா நோர்வே மொழியில். "இடப்பக்கப் பொத்தானில் சத்தத்தைக் கூட்டலாம்."

முன்னால் நின்ற கிழவருக்கும் அதையேதான் சொன்னாள். கண் ஒரு கணம் வந்து பட்டது, பிறகு அடுத்தவரிடம் போய்விட்டது. நோர்வே மொழியில் நீ என்றும் நீங்கள் என்றும் பேதமில்லை. எல்லோருக்கும் ஒரே சொல்தான். தாய்க்கும் அதே சொல்தான் கிடைத்தது.

அப்படியே நகர்வலம் தொடங்கியது. இரண்டு மணித்தியாலம். பத்து வருடம் கேட்காத குரல் வசந்தமலரின் காதுக்குள்ளேயே வந்து பேசியது. இத்தாலியிலிருந்து வந்த வியாபாரிகள் கட்டிய வீடுகள் இவை. அந்த மலையில் உரோமர்கள் அரங்கு கட்டினார்கள். இந்தக் கடிகாரம் பல நூறு வருடமாக நாளையும் கிரகங்களையும் காட்டுகிறது. ஒரு சொல்கூட அவள் மனதில் தங்கவில்லை. ஆனால் மகள் மூச்சு எடுப்பது கேட்டது. நடையில் மேலே ஏறும்போது இளைப்பது கேட்டது. நின்று தண்ணீர் குடித்தபோது மிடறு விழுங்குகிற சத்தமும் கேட்டது. முப்பது பேரின் காதிலும் அதே சத்தம்தான் கேட்டிருக்கும்.

பட்டு நெசவாளரின் துணி மழையில் நனையாமல் ஒரு தெருவிலிருந்து மற்றத் தெருவுக்குப் போக உதவிய மூடுபாதைகள் அந்த நகரத்தில் இருக்கின்றன. வீடுகளுக்கு நடுவால் போகிற இருட்டு நடைகள். ஒரு கதவைத் தள்ளித் திறந்து கம்சிகா எல்லோரையும் உள்ளே அழைத்தாள்.

"இங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள்," என்றது காதுக்குள் குரல். "நாங்கள் அடுத்தவருடைய வீட்டுக்குள்ளால் போகிறோம். தயவுசெய்து சத்தம் போடவேண்டாம்."

உள்முற்றத்தில் சுருள்படியோடு ஒரு கோபுரம் நின்றது. எல்லோரும் படம் எடுத்தார்கள். கேள்விகள் இருக்கின்றனவா என்று வழிகாட்டி கேட்டாள். ஒருவர் கழிவறை எங்கே என்றார். இன்னொருவர் வாடகை எவ்வளவு என்றார். வசந்தமலரின் கை தானாக உயர்ந்தது.

"இந்த ஊரில் நீங்கள் எவ்வளவு காலம்?"

"ஏழு வருடம்."

"இங்கே உங்களுக்கு நல்லாயிருக்கிறதா?"

கம்சிகா குடையை மற்றக் கைக்கு மாற்றினாள். "ஓம். இங்கே யாரும் என்னை ஒன்றும் கேட்பதில்லை," என்றாள். சனங்கள் சிரித்தார்கள். நோர்வேக்காரருக்கு அது நல்ல பகிடியாகப் பட்டது.

நகர்வலம் சோன் ஆற்றங்கரையில் முடிந்தது. மற்றவர்கள் பெட்டிகளைக் கொடுத்துவிட்டு, நன்றி சொல்லி, மதியச் சாப்பாட்டுக்குப் போனார்கள். வசந்தமலர் கடைசியாக நின்றாள். காதிலிருந்து வயரை எடுக்க மனம் வரவில்லை. கம்சிகா கையை நீட்டிக்கொண்டு நின்றாள். தாய் கொடுத்தாள்.

"பிள்ளை..."

"எனக்கு அடுத்த குழு இருக்குது. இருவது நிமிசம்." தமிழில்தான் சொன்னாள். சொற்கள் கொஞ்சம் துருப்பிடித்திருந்தன. "இருங்கோ."

ஆற்றுக்கு இறங்குகிற கற்படியில் இருவரும் இருந்தார்கள். நடுவில் இன்னொருவர் இருக்கக்கூடிய இடம் இருந்தது. தண்ணீர் பச்சையாக, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

"நான் வாறது உனக்குத் தெரியுமோ?"

"பேர்ப் பட்டியல் மூண்டு கிழமைக்கு முந்தியே வரும். வேற ஆளை விடச் சொல்லிக் கேட்டிருக்கலாம்."

"ஏன் கேக்கேல்லை?"

"என்ன சொல்லப் போறியள் எண்டு பாக்கோணும் போல இருந்தது."

வசந்தமலர் பேச வாயெடுத்தாள். "அப்பாவுக்கு நெஞ்சிலை..."

"அவரைப் பற்றி வேண்டாம்."

"சரி. வேண்டாம்." அவள் முந்தானையைத் தேடினாள். நெடுங்காற்சட்டையும் ஜக்கெற்றும் போட்டிருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. கையின் பின்புறத்தால் முகத்தைத் துடைத்தாள். "என்னை மன்னிச்சுக்கொள் பிள்ளை."

"எதுக்கு?"

வசந்தமலர் பையை மடியில் இழுத்து வைத்தாள்.

"எதுக்கு எண்டு சொல்லுங்கோ அம்மா. நான் கேட்டுக்கொண்டிருக்கிறன்."

"அண்டைக்கு... அப்பிடி நடந்திருக்கக் கூடாது."

"என்ன நடந்தது?"

"தம்பியையும் கொண்டுபோயிடுவினம் எண்டு பயந்திட்டன். அவன் சின்னன். எனக்கு வேற வழி..."

"நான் தம்பியைப் பற்றிக் கேக்கேல்லை." கம்சிகா தொலைபேசியை எடுத்தாள். எதையோ தேடித் திறந்து, கண்ணை அதிலிருந்து எடுக்காமல் நோர்வே மொழியில் வாசித்தாள். "சிறுமி சிறு வயதிலிருந்தே உண்மைக்குப் புறம்பாகப் பேசுபவர் எனத் தாய் தெரிவிக்கிறார். தகப்பனின் கையெழுத்தைச் சிறுமி போலியாக இட்ட ஆவணத்தைத் தாய் காட்டினார்." தொலைபேசியை மடியில் கவிழ்த்து வைத்தாள். "இருவத்தைஞ்சு வயசிலை கேட்டு எடுத்தனான். என்ரை கோப்பு. கேட்டாத் தருவினம். அப்பா எத்தினை தரம் அடிச்சவர் எண்டு எனக்கு இப்ப ஞாபகமில்லை. இது பாடம். ஒவ்வொரு எழுத்தும் பாடம்."

வசந்தமலர் கவிழ்ந்து கிடந்த தொலைபேசியைப் பார்த்தாள்.

"நீங்கள் வெள்ளைக்காரர் மாதிரி அழகா நோர்வேஜியன் கதைச்சனீங்கள் அண்டைக்கு. ஒரு பிழையும் விடேல்லை. எனக்கு அதுதான் அதிசயமாய் இருந்தது."

"நான் இப்ப என்ன செய்ய? சொல்லு, செய்யிறன்."

"அங்கை போய்ச் சொல்லுங்கோ. நான் பொய் சொல்லேல்லை எண்டு அந்தக் கோப்பிலை எழுதுவியுங்கோ."

"எழுதினா வீட்டை வருவியோ?"

கம்சிகா எழும்பிவிட்டாள். பெட்டிகள் இருந்த பையைத் தோளில் போட்டாள். அதுவரை இல்லாத களைப்பு முகத்தில் தெரிந்தது.

"அம்மா, அதைத் தந்தா இதைத் தருவன் எண்டுற கதை இல்லை இது."

மஞ்சள் குடை பாலத்தைத் தாண்டி அக்கரைக்குப் போவது தெரிந்தது. திரும்பிப் பார்ப்பாள் என்று வசந்தமலர் காத்திருந்தாள். பார்க்கவில்லை. வடைப் பொட்டலம் அவ்வளவு நேரமும் பைக்குள்ளேயே இருந்தது. கொடுக்க மறந்துவிட்டாள்.

அன்று மாலைச் சாப்பாட்டின்போது பக்கத்தில் ஒரு நோர்வேக் கிழவர் வந்து இருந்தார். மனைவியை இழந்தவர், நல்ல மனிதர்.

"இன்று வந்த வழிகாட்டி கெட்டிக்காரி," என்றார். "வடக்கத்திப் பேச்சு. ஹம்மர்பெஸ்ட் பக்கமாக இருக்கவேண்டும். உங்களைப் போல இருந்தாள். உங்கள் சொந்தமோ?"

"இல்லை," என்றாள் வசந்தமலர்.

யோசிக்காமல் வந்த சொல். சூப் கோப்பைக்குள் கரண்டி அப்படியே நின்றது. கிழவர் வேறு கதைக்குப் போய்விட்டார். கண்முன்னே இருக்கிற ஒருவரை இல்லையென்று சொல்வதற்கு நாக்கு எவ்வளவு பழகிவிட்டது என்பதை அன்றைக்குத்தான் அவள் தன் காதால் கேட்டாள். எழும்பி, மன்னிக்கவேண்டும், அது என் மகள் என்று சொல்லலாம். நாலு சொல். அந்த மேசையில் அவளை யாருக்கும் தெரியாது, ஒரு ஆபத்தும் இல்லை. அப்படியிருந்தும் சொல்ல முடியவில்லை.

அடுத்த நாள் படகில் ஆற்றைச் சுற்றிக் காட்டினார்கள். இரண்டு ஆறும் கலக்கிற இடத்தில் எல்லோரும் ஒரு பக்கமாக வந்து நின்று பார்த்தார்கள். வசந்தமலர் வடைப் பொட்டலத்தைப் பிரித்து மேசையில் வைத்தாள். நோர்வேக்காரர் உறைப்பென்று சொல்லிச் சொல்லி எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்தார்கள்.

ஒஸ்லோவுக்கு வந்த மூன்றாம் நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பார்னவேர்ன் அலுவலகத்துக்குப் போனாள். எம்மா என்ற இளம் பெண் அவளோடு பேசினாள். பொறுமையாகக் கேட்டாள். பதின்மூன்று வருடத்துக்கு முந்திய விஷயம் என்றதும் முகத்தில் ஒரு சோர்வு வந்து போனது.

"எழுதப்பட்டதை அழிக்கமுடியாது," என்றாள் எம்மா. "அன்றைக்கு நீங்கள் சொன்னது அதுதானே. ஆனால் இப்போது சொல்வதை எழுதித் தந்தால் அதையும் கோப்பில் சேர்த்துவைக்கலாம்."

"அப்போ இரண்டும் இருக்குமா?"

"இரண்டும் இருக்கும்."

நாலு நாள் பின்னேரங்களில் வேலை முடிந்து வந்து சமையலறை மேசையில் இருந்து எழுதினாள். யூலியாவிடமோ மகனிடமோ உதவி கேட்கவில்லை. முதலில் எழுதிய தாள்கள் எல்லாம் பயத்தையும் லதீசனையும் ஊர்ப்பேச்சையும் பற்றியவை. வாசித்துப் பார்த்துவிட்டுக் கிழித்தாள். நாலாம் நாள் எழுதியது அரைப் பக்கம்தான். என் கணவர் என் மகளை ஆறு வருடம் அடித்தார். நான் பார்த்தேன். அவள் உண்மையைச் சொன்னாள். பொய் சொன்னது நான். கீழே முழுப்பெயரை எழுதிக் கையொப்பம் வைத்தாள்.

கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து சின்னராசாவிடம் சொன்னாள். லியோனில் யாரைக் கண்டாள், என்ன நடந்தது, கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது, எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சொன்னாள். அவர் கத்துவார் என்று நினைத்தாள். அவர் கத்தவில்லை. கேட்டு முடியும்வரை மேசை விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார்.

"அவள் எப்பிடி இருக்கிறாள்?"

"மெலிஞ்சுபோனாள்."

அவருடைய கண் கலங்கியது.

"நான் செத்தாப் பிறகு எழுதியிருக்கலாமே வசந்தா," என்றார். "இன்னும் எவ்வளவு காலம் இருக்கப் போறன்?"

மகளுக்காக ஒரு சொல் வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். வரவில்லை. அவர் எழும்பிப் பல்கனிக்குப் போய்விட்டார். கோபித்துக்கொள்ளக்கூட வசந்தமலருக்குத் தோன்றவில்லை. அன்றைக்கு அந்தச் சோபாவுக்கு எதிரே இருந்து பொய் சொன்னது அவர் அல்ல. அவரிடம் யாரும் கேட்கவேயில்லை. கேட்டதெல்லாம் அவளிடம்தான்.

அதன் பிறகு லதீசனுடைய வெறும் அறையில் படுக்கத் தொடங்கினாள். சமைப்பாள். அவருடைய மாத்திரைகளை நாள்வாரியாகப் பிரித்து வைப்பாள். டொக்டரிடம் கூட்டிப்போவாள். இருவரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். வெளியில் பார்க்கிறவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

கடிதத்தின் பிரதியை லதீசனுக்கு அனுப்பி, அக்காவிடம் சேர்த்துவிடு என்றாள். இரண்டு கிழமை கழித்து அவன் தொலைபேசி எடுத்தான்.

"அம்மா, அக்கா வாசிச்சிட்டா."

"என்ன சொன்னவள்?"

"ஒண்டும் சொல்லேல்லை."

"ஒண்டுமோ?"

"வாசிச்சிட்டன் எண்டு எழுதினவ. அவ்வளவுதான்."

வசந்தமலர் அதற்குப் பிறகும் காத்திருந்தாள். கோடை போனது. முதியோர் இல்லத்தில், யாரும் பார்க்க வராத கிழவிகளுக்கு ஊட்டிவிடும்போது, இவர்களும் ஏதாவது செய்திருப்பார்களோ என்று முகங்களைப் பார்ப்பாள். வேலை முடிந்து வந்ததும் அந்தப் பயண நிறுவனத்தின் பக்கத்தைத் திறந்து மகளின் படத்தைப் பார்ப்பாள். அதை மட்டும் அவள் தனக்கு அனுமதித்திருந்தாள். ஒக்டோபர் மாதத்தில் ஒருநாள் திறந்தபோது, அந்த இடத்தில் தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரரின் படம் இருந்தது. லியோனை உங்கள் மொழியில் காட்டுகிறேன் என்று அதே வசனம்தான் அவருக்கும் கீழே இருந்தது.

ஸ்தவாங்கருக்கு எடுத்தாள். லதீசன் வேலையில் நின்றான். பின்னால் இரும்புச் சத்தம் கேட்டது.

"அக்காவுக்கு என்னடா? படம் இல்லை."

"ஒண்டுமில்லை அம்மா. வேற ஊருக்குப் போட்டா. வேலை மாறிட்டா."

"நான் வந்ததாலையோ?"

இரும்புச் சத்தம் தூரப் போனது. அவன் எங்கேயோ ஒதுக்குப்புறமாக வந்து நின்றிருக்கவேண்டும். எங்கே என்று சொல்லவேண்டாம் என்று அக்கா சொன்னவ, ஆனால் நீங்கள் அந்தக் கடிதம் எழுதினபடியால், என்று தொடங்கி இழுத்தான். அவன் சொல்லிவிடுவான் என்று வசந்தமலருக்குத் தெரிந்தது. இன்னும் ஒரு தரம் கேட்டால் போதும்.

"வேண்டாம், சொல்லாதை," என்றாள். "சொன்னா நான் அங்கையும் வெளிக்கிட்டிடுவன்."